சீட்டுக்கட்டில் சிக்கிய கதைசொல்லி

மனத்தை ஒருமுகப்படுத்தவும் ஊக்கம் பெறவும் டாரட் சீட்டுகளை நாடுவோர் இன்று பலர். அவை பண்டை எகிப்தியரின் ஞானநூல் என்ற நம்பிக்கையும் உடன் வருகிறது. 1781-இல் இதற்கு வித்திட்டவர் பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலேன். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் படித்தறிந்ததோ 1822-இல்தான்! வாசிக்க இயலாத எழுத்தின் பெயரால் எதையும் சொல்லிவிடலாம் போலும்.

உண்மையில் டாரட், 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். மிலானை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்ஃபோர்சா குடும்பத்தினருக்காகப் பொன் பதித்துத் தீட்டப்பெற்ற கட்டு ஒன்றில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. சாத்தானும் கோபுரமும் அதில் இல்லை.

இக்கட்டின் படங்களைக் கொண்டுதான் இத்தாலோ கால்வினோ 1969-இல் ஒரு கதைத்தொகுதி படைத்தார். காட்டைக் கடந்து வந்து பேச்சிழந்த வழிப்போக்கர்கள், ஒரு கோட்டையில் கூடிச் சீட்டுகளை அடுக்கித் தம் கதைகளைச் சொல்கின்றனர். ஒருவர் வைத்த சீட்டே, குறுக்கே செல்லும் மற்றொருவர் வரிசையில் வேறு பொருள் கொள்கிறது. கால்வினோ சீட்டுகளிடம் குறி கேட்கவில்லை, கதை கேட்டார். நமக்கு இந்த வேறுபாடே முதன்மையானது.

ஆயின், மார்செய் வகைச் சீட்டுகளுக்குத் திரும்பியபோது அவை இணங்க மறுத்தன. நாட்கணக்கில் அடுக்கினார், கலைத்தார், கைவிட்டார், மீண்டும் அமர்ந்தார். கவனத்தைக் குவிக்க எடுத்த கருவி கவனத்தையே விழுங்கலாயிற்று. 1973-இல் இரு பகுதிகளையும் நூலாக்கியதே அதிலிருந்து விடுபடத்தான் என்று அவரே பின்குறிப்பில் எழுதுகிறார். படக்கதைத் துணுக்குகளை வைத்து மூன்றாம் பகுதி ஒன்றும் அவர் எண்ணத்தில் இருந்தது. அதை அவர் எழுதவில்லை.