முயற்கதையும் தணிக்கைச் சபையும்

சித்திரப்படம் என்றால் அது சிறுவர்க்குரியது என்னும் எண்ணம் நெடுங்காலமாகப் பெற்றோரிடையே வேரூன்றியுள்ளது. வரைந்த உருவம் அழுதாலும் குருதி சிந்தினாலும் அது கோடும் வண்ணமுந்தானே என்று அவர்கள் அமைதி கொள்வர். இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமானது என்பதை ஆராய்வதற்கு, 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ‘வாட்டர்ஷிப் டவுன்’ என்னும் படத்தின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

அதன் மூலநூலை இயற்றியவர் ரிச்சர்ட் அடம்ஸ் என்னும் அரசாங்க உத்தியோகத்தர். நெடுந்தூர மோட்டார்ப் பயணத்தில் தம் புதல்வியர் இருவர்க்கும் சொல்லிய கதையையே அவர் பின்னர் நூலாக்கினார். வெளியீட்டாளர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். முயல்களைப் பற்றியதாகலின் வளர்ந்த பிள்ளைகள் விரும்பார். நடை கடினமாகலின் இளம் பிள்ளைகள் விளங்கிக்கொள்ளார் என்பது அவர் எடுத்துரைத்த காரணம். எவ்வயதினர்க்குரியது இக்கதை என்னும் வினா, படம் தோன்றுமுன்னரே தோன்றிவிட்டது என்க. நூலோ 1972இல் வெளியாகிக் கார்னகிப் பதக்கமும் பெற்றது.

மார்ட்டின் ரோசன் என்பவர் அதனைப் படமாக்கினார். தம் வளைகளுக்கு அழிவு வரப்போவதை முன்னுணர்ந்த சில முயல்கள் புதிய இருப்பிடம் தேடிச் செல்வதே கதை. வயல்வெளி முழுவதும் குருதியாய் மாறுவதை ஃபைவர் என்னும் சிறுமுயல் மனக்கண்ணாற் காண்கிறது. மனிதர் வளைகளின் வாயில்களை அடைத்துவிட, உள்ளே அகப்பட்ட முயல்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. பிக்விக் என்னும் முயல் கம்பிக் கண்ணியிற் சிக்கி, வாயிற் குருதி வழியத் துடிக்கிறது. இறுதியில் நாயொன்று முயற்கூட்டத்தின்மீது பாய்கிறது. இவையாவும் மறைவாகச் சொல்லப்படவில்லை. திரையிலே தெளிவாகக் காட்டப்படுகின்றன.

இத்தகைய படத்துக்குப் பிரித்தானியத் தணிக்கைச் சபை ‘யூ’ என்னும் அத்தாட்சிப் பத்திரத்தை வழங்கியது. எல்லா வயதினரும் பார்க்கலாம் என்பது அதன் பொருள். சித்திரமாக இருப்பதனால் வன்செயலின் கோரம் குறைந்துவிடுகிறது. படம் ஓடுங்கால் பிள்ளைகள் மனம் கலங்கினும், கதையின் மயக்கம் நீங்கியபின் அக்கலக்கம் நிலைத்திராது என்பதே பரிசீலித்தோரின் கருத்து. வேறு வழியில்லாமல் இவ்வாறு செய்தனர் என்றுங் கொள்வதற்கில்லை. 1970இல் திருத்தியமைக்கப்பட்ட முறையில் ‘ஏ’ என்னும் பிரிவு இருந்தது. அது பிள்ளைகளைத் தடைசெய்யாது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் காண்பதைப் பெற்றோர் விரும்பாதிருக்கக்கூடும் என்று அறிவுறுத்துவதோடு அமையும். அந்தச் சிறு எச்சரிக்கையுங்கூட இப்படத்துக்குத் தேவையில்லை எனச் சபை கருதிற்று.

இதே சபை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நேர்மாறாக நடந்துகொண்டது. 1938இல் வால்ட் டிஸ்னியின் ‘ஸ்நோ வைட்’ படம் இங்கிலாந்துக்கு வந்தபோது, சூனியக்காரியும் அச்சந்தரும் காடும் இளஞ்சிறாரை வெருட்டுமென எண்ணி ‘ஏ’ பத்திரமே வழங்கிற்று. அக்கால விதிப்படி, பதினாறு வயதுக்குட்பட்டோர் பெரியோருடன் வந்தாலன்றி அத்தகைய படத்தைக் காண இயலாது. உள்ளூராட்சி மன்றங்கள் சில இதனைப் புறக்கணித்து யாவரையும் அனுமதித்தன. சபை அளவுமீறி அஞ்சியது என்று பின்வந்தோர் நகைத்தனர். ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. பயந்த குழந்தை பற்றிக்கொள்வதற்கு ஒரு கை அருகில் இருந்தது.

1980களில் வீடியோ நாடா வீடுதோறும் புகுந்தமை நிலைமையை மேலும் மாற்றிற்று. நாடாவின் உறையில் ‘யூ’ என்னும் எழுத்தையும் முயலின் உருவத்தையுங் கண்ட தாய்மார், பிள்ளையைத் தொலைக்காட்சியின் முன் இருத்திவிட்டுத் தம் வேலையைக் கவனிக்கச் சென்றிருப்பர்; அவர்களைக் குறைகூறல் நீதியன்று. கண்ணியில் அகப்பட்ட முயலின் நிழலுருவைப் படத்தின் விளம்பரத்தாளே காட்டியிருந்தது. அவ்வகையில் சபையின் எழுத்தைக் காட்டிலும் விளம்பரத்தாள் நேர்மையானது எனலாம்.

முறைப்பாடுகள் ஆண்டுதோறும் சபைக்கு வந்தவண்ணமிருந்தன. 2016ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று பிற்பகலில் ஒரு தொலைக்காட்சி நிலையம் இப்படத்தை ஒளிபரப்பியபோதும் பெற்றோர் பலர் சினந்தனர். ஈற்றில் 2022இல், நாற்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, அது ‘பீஜி’ பிரிவுக்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளைக் கலக்காது, ஆயினும் பெற்றோர் சிந்தித்தல் வேண்டும் என்பது அப்பிரிவின் கருத்து. வன்செயல், அச்சுறுத்தல், குருதிக் காட்சிகள் ஆகியவற்றோடு தகாத மொழியும் காரணமாகக் காட்டப்பட்டது. கடற்பறவையொன்று உதிர்க்கும் வசைச்சொல்லே அது! குருதி தோய்ந்த வயலுக்கும் அதற்கும் ஒரே பட்டியலில் இடங்கிடைத்தமை சற்றே நகைப்புக்குரியது.

1978இல் பரிசீலித்தோர் கொடுமை வரையப்பட்ட முறையை நோக்கினரேயன்றி, அதனைக் காணும் உள்ளத்தை நோக்கினாரல்லர். ஆறு வயதுக் குழந்தைக்கு வரைந்த முயல் கோடும் வண்ணமுமன்று, அது முயலே. பதின்மூன்று வயதுப் பிள்ளையோ அதே காட்சியில் கொடுங்கோன்மையையும், தலைவனின் பொறுப்பையும், இடம்பெயர்ந்தோர் துயரையும் காணும் ஆற்றலுடையது. எனவே பதின்பருவத்தினர்க்கு இப்படத்தை மறுப்பது பெரும் இழப்பாகும். அதன் முடிவில் முதுமையெய்திய ஹேசலைக் கரிய முயல் வந்து அழைக்க, அது அச்சமின்றி உடன் செல்கிறது. மரணத்தைப் பற்றி அத்துணை அமைதியுடன் பேசும் காட்சி சிறுவர்க்கென எடுக்கப்பட்ட படங்களில் அரிது. முந்திய குருதிக் காட்சிகளைத் தாங்கி அவ்விடம் வரை வந்துசேரக்கூடிய வயது எது என்பதை, அப்பிள்ளையோடு வாழ்பவரே அறிவர்.