பிரபஞ்சத்துக்கு முன்: தமிழ் மரபில் ஒரு கேள்வியின் வரலாறு

உலகம் தோன்றுவதற்கு முன் என்ன இருந்தது என்ற கேள்வி, தமிழ்நாட்டில் கவிஞர்களும் சமயவாதிகளும் தத்துவ ஆசிரியர்களும் பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்த ஒன்று. அண்டவியல் இன்று அதையே வேறு கருவிகளோடு கேட்கிறது. இக்கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாற்றைச் சங்கரன்கோவில் தலக்கதையிலிருந்து தொடங்கிச் சுருக்கமாகச் சொல்கிறது.

சங்கரன்கோவில்: முதல்வர் யார்?

தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில், 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஊருக்குப் பெயர் தந்த சங்கரநாராயணர் கோவிலை உக்கிரபாண்டியர் கட்டினார் என்பது தலமரபு. சங்கரலிங்கர் சந்நிதிக்கும் கோமதியம்மன் சந்நிதிக்கும் நடுவே சங்கரநாராயணர் சந்நிதி இருக்கிறது. அங்குள்ள வடிவத்தில் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால்.

தலக்கதைப்படி சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்களுக்குள் வழக்கு எழுந்தது. சங்கன் சிவனே பெரியவர் என்றான். பதுமன் திருமாலே பெரியவர் என்றான். வழக்கு அம்மனிடம் வந்தது. அம்மன் தவம் இருக்க, இறைவன் இரண்டும் ஒன்றான வடிவில் காட்சி கொடுத்தார். ஆண்டுதோறும் நடக்கும் ஆடித்தபசு விழா இந்த நிகழ்வையே நினைவுகூர்கிறது.

‘யார் பெரியவர்’ என்ற வழக்குக்கும் ‘முன்னே என்ன இருந்தது’ என்ற கேள்விக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சைவ, வைணவ மரபுகள் இரண்டிலும், எல்லாம் ஒடுங்கிய பின்னும் எவர் எஞ்சி நிற்கிறாரோ அவரே முதல்வர். உலகங்களை வயிற்றில் அடக்கி ஆலிலைமேல் துயிலும் குழந்தையாகத் திருமாலை ஆழ்வார்கள் பாடினர். அனைத்தையும் ஒடுக்குபவன் ஆதலால் சிவனே முதல் என்றனர் சைவ ஆசிரியர்கள். ஊழிக்குப் பின் எஞ்சுவது எதுவோ அதுவே அடுத்த தோற்றத்துக்கு முன்னும் இருந்தது என்பது இரு தரப்புக்கும் பொதுவான அடிப்படை.

பரிபாடல் காட்டும் ஊழிகள்

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான பரிபாடலின் இரண்டாம் பாடல் கீரந்தையார் இயற்றியது, திருமாலைப் பற்றியது. முதலில் வானம், அதிலிருந்து காற்று, பிறகு தீ, நீர், நிலம் என்று ஐம்பூதங்கள் வரிசையாகத் தோன்றியதை அது பாடுகிறது. ஒவ்வொரு தோற்றமும் ஓர் ஊழியாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கால அளவுகளைக் குறிக்க நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்ற பேரெண் பெயர்களை நூல் பயன்படுத்துகிறது.

பரிபாடலில் படைப்பு ஒரே ஒருமுறை நடந்து முடிந்த நிகழ்ச்சி அன்று. இந்த உலகத்துக்கு முன் வேறு உலகங்கள் இருந்து அழிந்தன. ஆகவே ‘முன்னே என்ன’ என்று கேட்டால், அதற்கும் முன்னே ஓர் ஊழி என்பதே அங்கு கிடைக்கும் விடை.

மணிமேகலையில் ஒரு விவாதம்

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். உலகத்தின் மூலம் எது என்பதற்கு அங்கே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத விடைகள் வருகின்றன. உலகம் ஒரு தேவன் இட்ட முட்டை என்கிறான் பிரமவாதி. அணுக்களுக்கு ஆதி இல்லை, அவை புதிதாகப் பிறப்பதும் இல்லை, கூடுவதும் பிரிவதுமே உலகம் என்கிறான் ஆசீவகன். பிரித்தறிய முடியாத மூலப்பகுதி ஒன்றிலிருந்து எல்லாம் படிப்படியாக விரிந்தன என்பது சாங்கியன் கருத்து. பூதங்களின் சேர்க்கையில் உணர்வும் தோன்றிவிடும், அதற்குத் தனி முதல் தேவையில்லை என்கிறான் பூதவாதி.

பண்டைத் தமிழர் இந்தக் கேள்விக்கு ஒரே விடை வைத்திருந்தார்கள் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இந்தக் காதையே போதுமான சான்று. கடவுளை ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் ஒரே நகரில் அவரவர் வாதத்தை முன்வைத்ததாகக் காப்பியம் காட்டுகிறது.

சைவ சித்தாந்தத்தின் விடை

இக்கேள்வியைத் தமிழில் மிக விரிவாக ஆராய்ந்தது சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களே கொண்ட சிறு நூல். அதன் முதல் சூத்திரமே உலகத்தின் தோற்றத்தைப் பற்றியது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு பிற மதங்களின் கொள்கைகளை எடுத்துக்காட்டி மறுக்கிறார். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் பிறந்த விக்கிரமசிங்கபுரமும் சங்கரன்கோவிலைப் போலவே நெல்லைச் சீமையில் உள்ள ஊர்தான்.

சித்தாந்தத்தின் வாதம் சற்காரியவாதம் எனப்படும். இல்லாத ஒன்றிலிருந்து எதுவும் தோன்றாது. முயலுக்கு ஒருநாளும் கொம்பு முளைக்காது. ஆகவே தோன்றிய உலகம், தோன்றுவதற்கு முன்னும் நுண்ணிய நிலையில் இருந்திருக்க வேண்டும். அந்த நுண்ணிய மூலப்பொருளே மாயை. பானைக்கு மண் முதற்காரணம், திரிகையும் தண்டமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அதுபோல உலகத்துக்கு மாயை முதற்காரணம், இறைவனின் சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம். மண் இல்லாமல் குயவன் பானை செய்வதில்லை; இறைவனும் ஒன்றும் இல்லாமையிலிருந்து உலகைப் படைப்பதில்லை.

அப்படியானால் படைப்புக்கு முன் இருந்தவை பதி, பசு, பாசம் என்ற மூன்றும். மூன்றுக்கும் தொடக்கம் இல்லை. உயிர்கள் அப்போது ஆணவத்தின் இருளில், எதையும் அறியாமல் கிடந்தன. இதைக் கேவல நிலை என்பர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சித்தாந்தம் கூறும் முப்பத்தாறு தத்துவங்களுள் காலமும் ஒன்று. அது மாயையிலிருந்து தோன்றிய ஒரு தத்துவம். காலமே தோன்றிய பொருள் என்றால், அதற்கு ‘முன்’ என்ற சொல்லுக்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருள் பொருந்தாது. கேள்வியில் உள்ள சொல்லையே சோதிக்க வேண்டிய இடம் இது.

அறிவியல் கேட்ட அதே கேள்வி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அறிவியலாளர் பலரும் பிரபஞ்சம் என்றும் மாறாமல் இருப்பது என்றே நம்பினர். 1922இல் ஃபிரீட்மன், 1927இல் லெமைத்ர் ஆகியோரின் கணக்குகள் அது விரியக்கூடியது என்று காட்டின. தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்வதை 1929இல் ஹப்பிள் உறுதிப்படுத்தினார். விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் எல்லாம் மிக அடர்ந்த, மிகச் சூடான நிலையில் இருந்தது என்று தெரிகிறது. இதுவே பெருவெடிப்புக் கொள்கை.

அந்த அடர்ந்த நிலையைப் புரிந்துகொள்ள உதவியதில் இந்தியர் ஒருவருக்கு முக்கியப் பங்கு உண்டு. கொல்கத்தாவில் பணியாற்றிய அமல் குமார் ராய்சௌதுரி 1955இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். ஈர்ப்பினால் பொருள்களின் பாதைகள் எவ்வாறு ஒன்றை ஒன்று நெருங்கிக் குவிகின்றன என்பதை அது சொல்கிறது. பின்னர் பென்ரோசும் ஹாக்கிங்கும் நிறுவிய ஒருமைப்புள்ளித் தேற்றங்களுக்கு அது அடித்தளமாயிற்று. ஒருமைப்புள்ளி என்பது ஐன்ஸ்டைனின் கோட்பாடு மேற்கொண்டு கணக்குச் சொல்ல முடியாமல் நின்றுபோகும் எல்லை. அங்கேதான் உலகம் ‘ஒன்றுமில்லாமையிலிருந்து’ பிறந்தது என்று அத்தேற்றங்கள் கூறவில்லை.

தொடக்கம் என்பதையே ஏற்காத இந்தியரும் இருந்தார். ஃபிரெட் ஹாயிலின் மாணவரான ஜயந்த் நார்லிகர், பிரபஞ்சத்துக்கு ஆதி இல்லை என்ற நிலைமாறாக் கொள்கையை ஆதரித்தார். 1965இல் அறிவிக்கப்பட்ட அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு அக்கொள்கையைப் பெரிதும் பலவீனப்படுத்தியது. 1993இல் ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோருடன் அவர் அதைத் திருத்தி, சுருங்கி விரியும் சுழற்சிகளோடு மீண்டும் முன்வைத்தார். பெரும்பாலான அறிவியலாளர் அதையும் ஏற்கவில்லை. நார்லிகர் 2025 மே மாதம் காலமானார்.

இன்று பேசப்படும் விடைகள் பல. 1983இல் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் முன்வைத்த கருத்தில் காலத்துக்கு விளிம்பே இல்லை. தென்துருவத்துக்குத் தெற்கே என்ன என்று கேட்பது போன்றதுதான் ‘அதற்கு முன் என்ன’ என்ற கேள்வி. இந்தியாவில் பிறந்த அபய் அஷ்டேகர், பாவ்லொவ்ஸ்கி, பரம்ப்ரீத் சிங் ஆகியோர் 2006இல் செய்த கணக்குகளில், சுருங்கி வந்த ஒரு பிரபஞ்சம் ஒருமைப்புள்ளியைத் தொடாமல் மீண்டெழுந்து விரிகிறது. இவற்றுள் எதுவும் இன்னும் அவதானிப்பால் உறுதிப்படவில்லை.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

பெருவெடிப்பைப் பரிபாடல் அன்றே சொல்லிவிட்டது என்று மேடைகளில் சொல்லப்படுவதை மாணவர்கள் கேட்டிருக்கக்கூடும். இந்தக் கூற்று இரு தரப்புக்கும் நியாயம் செய்யாது. பரிபாடல் திருமாலின் பெருமையைப் பாடும் பாடல். அதில் விண்மீன் மண்டலங்களின் வேகத்தை அளந்த கணக்கு இல்லை. சித்தாந்தம் உலகத்தின் தோற்றத்தை ஆராய்ந்தது உயிர் எவ்வாறு பாசத்திலிருந்து விடுபடும் என்பதை அறியத்தான். அண்டவியல் தன் கூற்றுகளைத் தொலைநோக்கியால் சோதிக்கிறது, தவறினால் கைவிடுகிறது. நார்லிகரின் கொள்கைக்கு நேர்ந்தது அதுவே.

ஆனாலும் ஒப்புமை இல்லாமல் இல்லை. அது விடைகளை விடக் கேள்வி கேட்ட விதத்தில் இருக்கிறது. ஒன்றுமில்லாமையிலிருந்து ஒன்று எப்படி வரும் என்று மெய்கண்டார் மரபினர் கேட்டார்கள். இன்றைய இயற்பியலாளரும் ‘ஒன்றுமில்லாமை’ என்ற சொல்லை எளிதில் விட்டுவிடுவதில்லை. காலத்தையும் தோன்றிய பொருள்களுள் ஒன்றாக எண்ணிப் பார்க்க இரு தரப்பும் துணிந்தன. எதிர்த்தரப்பின் வாதத்தை முழுதாக எடுத்துச் சொல்லிய பிறகே மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கைப் பரபக்கம் கடைப்பிடித்தது. தமிழ் மரபு இன்றைய மாணவருக்குத் தரக்கூடிய நல்ல பயிற்சி இந்த ஒழுங்குதான்.

சங்கனும் பதுமனும் தங்கள் வழக்குக்குத் தீர்ப்புக் கேட்டு வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்ததோ இருவரும் எதிர்பாராத ஒரு வடிவம். பிரபஞ்சத்துக்கு முன் என்ன என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதன் விடையும் இன்று வாதிடும் எந்தத் தரப்பும் எதிர்பாராத வடிவில் வரக்கூடும்.