பல்பொடிக்குள் இருந்த புகையிலை

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், சிறு வயதில் எதைக் கொண்டு பல் துலக்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, உமிக்கரி, செங்கல் தூள் என்று வரிசையாகச் சொல்வார்கள். நெல் விளையும் நம் வல்லம் பக்கத்தில் உமிக்குப் பஞ்சம் ஏது? செங்கல் தூள்தான் மோசம். அழுக்கோடு எனாமலையும் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

அப்புறம் பொட்டலப் பல்பொடி வந்தது. மைசூர் அருகே நஞ்சன்கூட்டில் 1913-ல் தொடங்கிய சத்வைத்யசாலையின் பல்பொடிக்குத் தனிப் பெயர். கோபால் பல்பொடி விளம்பரத்தை இலங்கை வானொலியில் கேட்காதவர்கள் என் வயதில் குறைவு.

ஆனால் நாட்டில் வேறு சில பல்பொடிகளிலும் பற்பசைகளிலும் புகையிலையையே சேர்த்து விற்றார்கள். ஈறு மரத்து வலி அடங்கியதுபோல் தோன்றும். நாளடைவில் அது இல்லாமல் பொழுது விடியாது. மத்திய அரசு 1992-ல் இதற்குத் தடை போட்டது. உற்பத்தியாளர் தரப்பு வழக்காடியது. 1997-ல் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

தடை கம்பெனிக்குத்தான். மூக்குப்பொடியை ஈறில் தேய்க்கும் பழக்கத்தை எந்தச் சட்டம் தடுக்கும்? என் அம்மா கடைசிவரை விடவில்லை. "பல் தேய்க்கத்தானேடா" என்பார். நாங்களும் வாயைத் திறந்து பார்த்ததில்லை.

நீங்கள் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்திலோ ஈறிலோ வெள்ளை, சிவப்புத் திட்டு இருந்தால், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்துப் பல் டாக்டரிடமோ அழைத்துப் போங்கள்.