உடற்கொழுப்பு அளவைகள்: கெடா தமிழரை முன்வைத்து

வளர்ந்தவர் உடலில் சேர்ந்துள்ள கொழுப்பை எடை, உயரம், இடுப்புச் சுற்று, தோல்மடிப்பு ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் முறைகள் உடற்கொழுப்பு அளவைகள் எனப்படும். இவற்றுக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. தோல்மடிப்பைத் தவிர மற்றவற்றைத் தராசும் அளவு நாடாவும் உள்ள எந்தக் கிளினிக்கிலும் அளக்கலாம்.

தோற்றமும் வளர்ச்சியும்

வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதை 1830களில் பெல்ஜிய அறிஞர் அடால்ப் கெட்லே கண்டறிந்தார். கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இக்கணக்குக்கு 1972இல் அன்செல் கீஸ் உடல் நிறை குறியீடு என்று பெயரிட்டார். கொழுப்பு எவ்வளவு என்பதோடு எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம் என 1947இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் வாக் எழுதினார். மேலுடலில் சேரும் கொழுப்பை அவர் இனிப்பு நீரோடு தொடர்புபடுத்தினார். மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டைக்குக் கீழ், இடுப்பெலும்புக்கு மேல் ஆகிய நான்கு இடங்களின் தோல்மடிப்பிலிருந்து கொழுப்பு விழுக்காட்டைக் கணிக்கும் முறையை 1974இல் டர்னினும் வாமர்ஸ்லியும் வெளியிட்டனர்.

இந்திய வம்சாவளியினர்

2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினர். இருவரின் குறியீடும் 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. அதே ஆண்டு உலகச் சுகாதார நிறுவன வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23, 27.5 ஆகிய குறியீடுகளைக் கூடுதல் எச்சரிக்கை எல்லைகளாக அறிவித்தது. ஆசிய இடுப்புச் சுற்று எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.

கெடாவில்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டார ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, வாளி சுமந்து நடந்த தலைமுறைக்கு உழைப்பே உடற்பயிற்சி. ரப்பர் குறைந்து செம்பனை பரவியதும், 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டதும் பலரைத் தொழிற்சாலைக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் கொண்டுசேர்த்தன. நடை குறைந்தது, சோறும் இனிப்புத் தேநீரும் குறையவில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய வயதுவந்தோரில் 50.1% பேர் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். வயிற்றுப் பருமன் இந்தியர்களிடமே மிக அதிகம்.

அளக்கும் முறை

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளியே விட்டு, வயிற்றை உள்ளிழுக்காமல் நாடாவைச் சுற்ற வேண்டும். 2018இல் வெளியான ஒரு சூத்திரப்படி, உயரத்தை இடுப்புச் சுற்றால் வகுத்து 20ஆல் பெருக்கி, ஆணுக்கு 64இலிருந்தும் பெண்ணுக்கு 76இலிருந்தும் கழித்தால் ஏறத்தாழக் கொழுப்பு விழுக்காடு கிடைக்கும். 170 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உள்ள ஆணின் குறியீடு 23.5, வழக்கமான 25ஐ எல்லையாகக் கொண்டால் இது இயல்பு. அவர் இடுப்பு 95 செ.மீ. என்றால் கொழுப்பு ஏறத்தாழ 28%. கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இக்கணக்கு பொருந்தாது.

எடை சரியாக இருக்கிறதென்று நம் மக்கள் நிம்மதி கொள்ளலாகாது. இடுப்புச் சுற்று உயரத்தில் பாதியைத் தாண்டினால் கிளினிக்குக்குச் சென்று இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.