“எல்லாம் புரியுது... பேச மட்டும் மாட்டேங்குறான்!” - குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் வீட்டில் என்ன செய்யலாம்? எப்போது டாக்டரிடம் போகணும்?

காலை 7 மணி. அடுப்பில் குக்கர். இரண்டரை வயது குழந்தை சமையலறை வாசலில் நின்று அழுகிறது. பால் கொடுத்தால் தள்ளிவிடுகிறது. பிஸ்கட் கொடுத்தால் தூக்கி எறிகிறது. பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிகிறது, அலமாரி மேலே இருக்கிற பந்து வேண்டுமாம். அதற்குள் குழந்தை அழுது ஓய்ந்துவிட்டது. அம்மாவுக்கு ஆபீஸ் பஸ் போய்விட்டது.

பேச்சு வரத் தாமதமாகும் குழந்தை உள்ள வீடுகளில் இது தினசரி நடக்கிற விஷயம். “அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான், தானா வந்துடும்” என்று ஆறுதல் சொல்லும் பாட்டி ஒரு பக்கம். ராத்திரி முழுக்க மொபைலில் தேடித் தேடி பயந்துபோகும் பெற்றோர் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடுகின்றன. பயப்படவும் வேண்டாம், சும்மா காத்திருக்கவும் வேண்டாம். என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.

எந்த வயதில் எவ்வளவு பேசணும்?

எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் பேசத் தொடங்குவதில்லை. ஆனாலும் பொதுவான ஒரு கணக்கு உண்டு.

* 6 முதல் 9 மாதம்: ‘பாபா’, ‘தாதா’ என்று மழலைச் சத்தங்கள் வரும்.
* 1 வயதையொட்டி: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். டாட்டா காட்டும். அர்த்தத்தோடு ஒன்றிரண்டு வார்த்தை வரத் தொடங்கும்.
* 2 வயது: ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசும்.
* 3 வயது: சின்னச் சின்ன வாக்கியங்கள் வரும். வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் புரியும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

* 12 மாதம் ஆகியும் மழலைச் சத்தம் இல்லை. எதையும் விரலால் காட்டுவதோ, டாட்டா சொல்வதோ இல்லை.
* 16 மாதம் ஆகியும் ஒரு வார்த்தைகூட இல்லை.
* 2 வயது முடிந்தும் இரண்டு வார்த்தைகளைத் தானாகச் சேர்த்துச் சொல்லவில்லை.
* பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கண்ணைப் பார்ப்பது குறைவு.
* எந்த வயதாக இருந்தாலும், பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் திடீரென நின்றுபோனால் உடனே போக வேண்டும்.

ஆண் குழந்தைகள் கொஞ்சம் லேட்டாகப் பேசுவார்கள் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. இரண்டு வயதில் ஒரு வார்த்தைகூட இல்லை என்றால் ‘பையன்தானே’ என்று விட்டுவிட முடியாது. சீக்கிரம் போய், ‘ஒண்ணும் இல்லை’ என்று டாக்டர் சொன்னால் நமக்கு ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான். பிரச்சினை இருந்து தாமதமாகப் போனால் இழப்பு குழந்தைக்கு.

‘எல்லாம் புரியுது’ என்பது உண்மையா?

பெரும்பாலான பெற்றோர் சொல்வது இதைத்தான். சில நேரம் உண்மை. சில நேரம் குழந்தை நம் வார்த்தையை அல்ல, சூழ்நிலையைப் புரிந்துகொள்கிறது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் குழந்தை எடுத்து வந்துவிடும். நீங்கள் வெளியே கிளம்புவது அதற்குத் தெரிகிறது. இதையே வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, கையைக் காட்டாமல், செருப்பு இருக்கும் பக்கம் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். அப்போதும் எடுத்து வந்தால் வார்த்தை புரிகிறது. இல்லையென்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பேச்சு மட்டும் தாமதமா, புரிதலும் தாமதமா என்பது சிகிச்சையைத் திட்டமிட முக்கியமான தகவல்.

முதல் பரிசோதனை காதுக்குத்தான்

“குக்கர் விசில் அடிச்சா திரும்புறானே, காது நல்லாதான் கேக்குது” என்று சொல்வார்கள். அது போதாது. பெரிய சத்தம் கேட்கும் ஒரு குழந்தைக்கு, பேச்சில் வரும் ‘ஸ’, ‘ஷ’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் சேர்ந்து கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். பாதி கேட்கும் குழந்தை பாதிதான் பேசும்.

எனவே பேச்சு தாமதம் என்று போனால் முதலில் காது பரிசோதனை செய்யச் சொல்வார்கள். ஓஏஇ, பெரா என்று இரண்டு பரிசோதனைகள் உண்டு. இரண்டிலும் ஊசி கிடையாது, வலி கிடையாது. குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பிறந்த குழந்தைக்கு 1 மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. குறை இருந்தால் காது கேட்கும் கருவி, தேவைப்பட்டால் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை என வழிகள் உள்ளன. தமிழ்நாட்டில் தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.

காது சரியாக இருந்தால் அடுத்து வளர்ச்சி மதிப்பீடு. பேச்சு தாமதம் என்றாலே ஆட்டிசம் என்று முடிவு கட்ட வேண்டாம். வெறும் பேச்சு மட்டும் தாமதமாகலாம், மொத்த வளர்ச்சியும் தாமதமாகலாம், ஆட்டிசமாகவும் இருக்கலாம். நேரில் பார்த்துப் பரிசோதிப்பவர்தான் சொல்ல முடியும். யூடியூப் வீடியோ சொல்ல முடியாது.

காரணம் இல்லாத காரணங்கள்

வசம்பு தேய்த்தால் பேச்சு வருமா? வசம்புக்கு ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே நம் ஊரில் பெயர். ஆனால் நாக்கில் அதைத் தேய்ப்பதால் பேச்சு வரும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. அதைத் தேனில் குழைத்துத் தருவது இன்னும் சிக்கல். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுப் பாதிப்பு வரலாம்.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழப்பமா? இல்லை. தமிழும் தெலுங்கும், தமிழும் உருதும் பேசும் வீட்டுக் குழந்தைகள் இரண்டையும் கற்றுக்கொள்ளும். எந்த மொழி உங்களுக்குச் சரளமோ அதில் பேசுங்கள். ஸ்கூல் அட்மிஷனுக்காகப் பழக்கமில்லாத ஆங்கிலத்தில் ‘ஈட்’, ‘கம்’ என்று ஒற்றை வார்த்தையில் பேசினால், குழந்தைக்குக் கிடைக்கும் மொழியின் அளவுதான் குறையும்.

நாக்கு ஒட்டியிருப்பதால் பேசவில்லையா? சில எழுத்துகளின் உச்சரிப்பை அது பாதிக்கலாம். வார்த்தையே வராமல் இருப்பதற்கு அது காரணமாக இருப்பதில்லை. டாக்டர் சொல்லாமல் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்.

போன் எவ்வளவு நேரம்?

2 வயதுக்குள் போன், டிவி வேண்டவே வேண்டாம். 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம் என்பதுதான் இந்திய குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. உலக சுகாதார நிறுவனமும் ஏறக்குறைய இதையேதான் 2019-ல் சொன்னது.

போன் ஏன் கெடுதல்? போன் பேசும், ஆனால் குழந்தையின் பதிலுக்குக் காத்திருக்காது. பேச்சு என்பது பந்து விளையாட்டு மாதிரி, நீங்கள் எறிந்தால் அது திருப்பி எறிய வேண்டும். அதற்காகக் குற்ற உணர்ச்சியில் உருக வேண்டாம். தனியாக இருந்து சமைக்கிற அம்மாவுக்கு அந்த இருபது நிமிடம் தேவைப்படுவது எல்லோருக்கும் தெரியும். முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நிறுத்திப் பாருங்கள். முதல் சில நாட்கள் அடம் பிடிக்கும். ஒரு பாத்திரமும் கரண்டியும் கொடுத்து சமையலறைத் தரையிலேயே உட்கார வையுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

வாரத்துக்கு இரண்டு முறை, 45 நிமிட தெரபி என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மீதி நேரம் முழுக்க குழந்தை உங்களோடுதான். தெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் செய்தால்தான் பலன். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், செய்கிற வேலையோடு சேர்த்துச் செய்யலாம்.

குளிக்கும்போது: ‘தண்ணி ஊத்தலாம்... கை கழுவலாம்... கால் கழுவலாம்’ என்று செய்வதையெல்லாம் சின்ன வாக்கியத்தில் சொல்லுங்கள். தினமும் அதே வார்த்தைகள் வரட்டும். திரும்பத் திரும்பக் கேட்பதுதான் மனதில் பதியும்.

சாப்பிடும்போது: ‘என்ன வேணும்?’ என்று கேட்காமல் இரண்டைக் காட்டுங்கள். ‘இட்லியா, வாழைப்பழமா?’ குழந்தை கை நீட்டினாலும், பார்த்தாலும் அது பதில்தான். ‘வாழைப்பழம்! வாழைப்பழம் வேணுமா, இந்தா’ என்று கொடுங்கள்.

விளையாடும்போது: ‘ஒண்ணு... ரெண்டு...’ சொல்லி நிறுத்துங்கள். மூன்று சொல்லிப் பந்தை உருட்டுவீர்கள் என்று குழந்தைக்குத் தெரியும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள். ஒரு சத்தம், ஒரு பார்வை, ஒரு சிரிப்பு எது வந்தாலும் பந்தை உருட்டிவிடுங்கள். இந்தக் காத்திருப்புதான் பெரியவர்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

கடைக்குப் போகும்போது: குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். அது நாயைப் பார்க்கும்போது நீங்கள் பஸ்ஸைக் காட்டினால் இரண்டும் பதியாது.

குழந்தை ‘தண்ணி’ என்றால் ‘தண்ணி வேணும்’ என்று ஒரு வார்த்தை கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். ‘தயி’ என்றால் ‘அப்படி இல்ல, சரியா சொல்லு’ என்று திருத்த வேண்டாம். ‘ஆமா, தண்ணி’ என்றால் போதும். ‘தண்ணின்னு சொன்னாதான் தருவேன்’ என்று தாகத்தோடு நிற்க வைக்கவே வேண்டாம். பேச்சு என்றாலே பயம் என்று பழகிவிடும்.

அழுது புரளும்போது என்ன செய்வது?

சொல்ல வார்த்தை இல்லாத குழந்தைக்குக் கடிப்பது, அடிப்பது, கீழே விழுந்து புரள்வதுதான் மொழி. அடித்தால் அந்த மொழியையும் பறித்துவிடுகிறோம். பதிலுக்கு வேறு மொழி கொடுக்க வேண்டும்.

வீட்டில் இருக்கிற டம்ளர், தட்டு, செருப்பு, பாத்ரூம் கதவு, பந்து ஆகியவற்றை போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, குழந்தையின் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். வேண்டியதைத் தொட்டுக் காட்டக் கற்றுக்கொடுங்கள். ‘முதல்ல குளியல், அப்புறம் பந்து’ என்று இரண்டு படத்தை வரிசையாகக் காட்டலாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி அழுகை குறையும்.

‘படத்தைக் காட்டிப் பழகினா பேசவே மாட்டானே’ என்ற பயம் பலருக்கு உண்டு. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. நடக்கத் தொடங்கும் முன் சுவரைப் பிடித்து நிற்பது போலத்தான் இதுவும்.

சொந்தக்காரர்கள் கேட்டால்...

கல்யாண வீட்டில் பத்துப் பேர் சுற்றி நின்று ‘மாமா சொல்லு, அத்தை சொல்லு’ என்றால் பேசுகிற குழந்தையே வாயை மூடிக்கொள்ளும். “இப்போ டெஸ்ட் மாதிரி கேக்காதீங்க, சும்மா அவனோட விளையாடுங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

‘நீ வேலைக்குப் போறதாலதான்’ என்று அம்மாவைக் குறை சொல்வது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. காது கேளாமை, ஆட்டிசம் போன்றவை அம்மா வேலைக்குப் போவதால் வருபவை அல்ல. தெரபிக்கு அழைத்துப்போவதை அப்பாவும் பகிர்ந்துகொண்டால், அங்கே சொல்வது அவருக்கும் நேரடியாகத் தெரியும். தாத்தா பாட்டியையும் ஒருநாள் அழைத்துப்போங்கள். மருமகள் சொன்னால் ஏற்காததை தெரபிஸ்ட் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்!

வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால், அவர்களுக்கென்று தினமும் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். ‘தம்பிக்குப் பேச இன்னும் வரல, நாம உதவி பண்ணலாம்’ என்று சொன்னால் அவர்களே நல்ல டீச்சராகிவிடுவார்கள்.

எங்கே போவது?

* அங்கன்வாடி: தேசிய சிறார் நலத் திட்டத்தில் (ஆர்பிஎஸ்கே) மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும். அந்தக் குழுவிடம் சொல்லலாம்.
* மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் (டிஇஐசி): மேல் பரிசோதனைக்கும் தெரபிக்கும் இங்கே அனுப்புவார்கள். சேவை இலவசம்.
* சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் ‘நிப்மெட்’ நிறுவனத்திலும் மதிப்பீடு, தெரபி உண்டு.
* தனியார் தெரபிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு செய்தவரா என்று கேளுங்கள். ‘மூணு மாசத்துல பேச வச்சிடுவோம்’ என்று கேரன்டி கொடுப்பவரிடம் உஷாராக இருங்கள்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் காது கேளாமை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவையும் அடக்கம். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்றால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அடையாள அட்டை வாங்கினால் ‘முத்திரை குத்திடுவாங்க’ என்று தயங்கி, கிடைக்க வேண்டிய உதவியை இழக்க வேண்டாம்.

முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நோட்டு போதும். இந்த வாரம் புதிதாக என்ன செய்தது என்று தேதியோடு எழுதுங்கள். வார்த்தையை மட்டும் எண்ண வேண்டாம். விரல் நீட்டியது, கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியது, கூப்பிட்டதும் திரும்பியது எல்லாம் எழுதுங்கள். டாக்டருக்கும் அது உதவும். ‘ஒண்ணுமே மாறலையே’ என்று சோர்ந்துபோகும் நாளில் உங்களுக்கும் உதவும்.

நாளை காலையும் குக்கர் விசில் அடிக்கும், குழந்தை அழும். ஆனால் சுவரில் பந்தின் படம் ஒட்டியிருந்தால், பத்து நிமிட அழுகை ஒரு நிமிடத்தில் முடியலாம். இந்த வாரமே காது பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்துவிடுங்கள்.