மொட்டும் விதையும்

நெகிரி செம்பிலானில் கித்தா (ரப்பர்) நின்ற நிலம் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அம்பாங்கான் போலச் சிரம்பானை ஒட்டிய இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. தோட்டப்புறத்தின் இந்த மாற்றத்தைக் கூலி, குடியிருப்பு, பள்ளி என்ற கோணங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். மரத்தைப் பற்றிய அறிவு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். தகவல் யாருக்குச் சொந்தம் என்று அறிவுச் சமூகம் இன்று கேட்கும் கேள்விக்கு இந்த இரண்டு மரங்களும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன.

முதலில் கித்தா. 1925இல் சட்டப்படி அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஏற்றுமதி ரப்பர்மீது விதித்த தீர்வையில் நடந்தது. அதன் ரகங்களில் பேர்போனது ஆர்ஆர்ஐஎம் 600. அதன் பெற்றோரில் ஒன்று ஜாவாவின் டிஜிர் 1. மற்றொன்றான பிபி 86, இன்று புத்ராஜெயா இருக்கும் இடத்தில் அன்றிருந்த பிராங் பெசார் என்ற தனியார் தோட்டத்தின் மரம். தனியார் தேர்ந்தெடுத்த மரம் பொதுக் கழகத்தின் வழியே நாடு கடந்தது. தாய்லாந்தில் பெருவாரியாகப் பரவியதும் இந்த 600தான். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் வேரூன்றிய ஆர்ஆர்ஐஐ 105இன் பெற்றோரில் ஒன்றுகூட மலாயாவின் கிளென்ஷீல் தோட்டத்து ஜிஎல் 1.

இவ்வளவு தூரம் பரவக் காரணம் ஒட்டுக்கட்டும் முறை. நாற்றின் தண்டில் பட்டையைச் சிறு ஜன்னல் போலக் கீறித் தூக்கி, நல்ல மரத்துக் கிளையிலிருந்து எடுத்த மொட்டுப் பட்டையை உள்ளே பொருத்திக் கட்டுவார்கள். சுமார் மூன்று வாரம் கழித்து அவிழ்த்து, பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. அப்படி வளரும் மரம் தாய்மரத்தின் அச்சு. ஒரு கிளையும் ஒரு கத்தியும் பழகிய கையும் இருந்தால் எவரும் படியெடுக்கலாம்.

செம்பனை அப்படிப் படியெடுக்க விடாது. தோட்டங்களில் நிற்பது டூரா, பிசிபெரா என்ற இரண்டைக் கலந்து பெற்ற டெனெரா. பழத்தைக் குறுக்கே வெட்டினால் வித்தியாசம் தெரியும். டூராவில் பருப்பைச் சுற்றித் தடித்த ஓடு இருக்கும். டெனெராவில் ஓடு மெல்லியது, அதைச் சுற்றிக் கறுத்த நார்வளையம். பிசிபெராவில் ஓடே கிடையாது. டூராவைவிட டெனெரா ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும். ஆனால் டெனெரா தோட்டத்தில் விழுந்த பழத்தை எடுத்து முளைக்கவைத்தால் சராசரியாக நான்கில் ஒன்று டூராவாகவும் ஒன்று பெரும்பாலும் மலடாகிவிடும் பிசிபெராவாகவும் போகும். எது எது என்று நட்டு மூன்று, நான்கு ஆண்டு கழித்துப் பழம் வந்த பிறகே தெரியும். ஆகவே சிறுதோட்டக்காரர் ஒவ்வொரு முறையும் விதை விற்பவரிடமே போய் நிற்க வேண்டும். மலேசியாவில் புதிய பயிர் வகைகளுக்கான பாதுகாப்புச் சட்டம் 2004இல்தான் வந்தது. செம்பனையின் மரபோ அதற்கு வெகுகாலம் முன்பே பூட்டுப் போட்டுவிட்டது.

அந்த மரபை வாசிப்பதிலும் இரண்டு வழிகள் இருந்தன. சிரம்பானில் செமாரா ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய கத்ரி நிறுவனம் 2007இல் கோல்டன் ஹோப்புடன் சைம் டார்பியில் இணைந்தது. 2009இல் செம்பனை மரபணுத் தொகுதியை வாசித்துவிட்டதாக சைம் டார்பி அறிவித்தது. அன்று அது தன் சொந்த நாற்று மேம்பாட்டுக்கான சொத்து. 2013இல் அரசு அமைப்பான மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் தன் வாசிப்பை நேச்சர் இதழில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணுவையும் அடையாளம் காட்டியது. நாற்றின் இலையைச் சோதித்தே டூராவைக் கழித்துவிடலாம் என்ற நிலை அதனால் வந்தது.

அப்படியானால் கித்தாவின் அறிவு முழுக்கப் பொதுவுடைமையா? வெட்டுக்காரரைக் கேட்டால் இல்லை என்பார். வாளியில் கொண்டுவந்த பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். பாலில் மிதப்புமானியை விட்டுப் பார்த்து, காய்ந்த எடை இவ்வளவு என்று கிராணி எழுதுவார். எடைக்குக் கூலி தரும் தோட்டங்களில் அந்த எண்தான் கூலி. மரம் எவ்வளவு தந்தது என்ற தகவலை உண்டாக்கியவர் வெட்டுக்காரர். அதைச் சரிபார்க்கும் வழி அவரிடம் இல்லை. ஒட்டுக்கட்டத் தெரிந்தாலும் நடுவதற்குச் சொந்த நிலம் கிடையாது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடலில் அவை கைமாறிய காலத்தில், 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்கியது அந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

வாசிக்கலாமா, படியெடுக்கலாமா, சரிபார்க்கலாமா என்ற மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் இரண்டு மரமும் அரைகுறைதான். கித்தாவைப் படியெடுக்கலாம், ஆனால் கிராணியின் எண்ணைச் சரிபார்க்க முடியாது. செம்பனையின் மரபை இணையத்தில் வாசிக்கலாம், ஆனால் தோட்டத்தில் கையால் படியெடுக்க முடியாது. சரிபார்க்கவும் ஆய்வகம் வேண்டும். வெளியிட்டுவிட்டோம் என்பதோடு பொது நிறுவனத்தின் கடமை முடிவதில்லை. நாற்று விற்பவர் இலைச் சோதனை முடிவைக் காட்டிய பிறகே பணம் வாங்கலாம் என்ற விதி வந்தால், 2013இல் திறந்த கதவு இரண்டு ஏக்கர்காரருக்கும் பயன்படும்.