வரப்பும் வழியும்



பட்டா நிலத்தில் கால் வைக்காதே என்பது சேரிக்குச் சொல்லப்படும் முதல் விதி. அதை நாம் மதித்தே வந்திருக்கிறோம். ஆனால் ஏரிக்கும் ஆற்றங்கரைக்கும் மயானத்துக்கும் போகும் வழியெல்லாம் பிறர் பட்டாவுக்குள் அடங்கிவிட்டால், அந்த இடங்களைப் பொது என்று சொல்வதில் என்ன பொருள்?

மகாட் வரலாற்றை இந்தக் கேள்வியோடு மீண்டும் படிக்க வேண்டும். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. மறு ஆண்டே மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. குளத்தைச் சுற்றிச் சாதி இந்துக்களின் வீடுகள். அறிவிப்பு தாளிலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்துபோய் நீர் அருந்தினார்கள். அடி விழுந்தது. பிறகு வழக்கு வந்தது: குளம் பொதுவானதல்ல, தனியார் சொத்து என்றார்கள். தீட்டு என்று சொன்னால் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த டிசம்பரில் நடந்த இரண்டாம் மாநாட்டுக்குப் பந்தல் போடச் சாதி இந்துக்கள் யாரும் இடம் தரவில்லை. ஃபத்தேகான் என்ற இசுலாமியர் தம் நிலத்தைத் தந்தார். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. சத்தியாகிரகத்தைத் தள்ளிவைக்க அம்பேத்கர் கூட்டத்தை இணங்கவைத்தார். மக்கள் நீரைத் தொடாமல் ஊர்வலமாக மட்டும் குளத்தைச் சுற்றி வந்தார்கள். சொத்துரிமைக்கும் சட்டத்துக்கும் இதைவிட மரியாதை காட்ட முடியுமா? 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தனியார் சொத்து என்ற வாதமும் நிற்கவில்லை, தொன்றுதொட்ட வழக்கம் என்ற வாதமும் நிற்கவில்லை. நாம் மதித்து நின்ற பத்தாண்டுகளும் ஒரு பொய்க்காகப் போயின.

நம் மாகாணத்தில் 1924இலேயே, பொதுச்சாலைகளில் எவரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் நிறைவேற்றச் செய்தார். 95 ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடல் பாலத்திலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றங்கரைக்கு இறக்கப்பட்டது. கரைக்குப் போகும் வழி தனியார் நிலத்தில் அடைபட்டிருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது.

அடுத்தவர் பயிரை மிதிக்கும் உரிமையை நாம் கேட்கவில்லை. சட்டமும் அதைத் தரவில்லை. அது தருவது வழியை. இருபது ஆண்டு இடையறாது, உரிமையாக நடந்த பாதைக்கு 1882 வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பொது இடத்துக்குச் செல்லும் வழக்கமான பாதையை மறிப்பதை 1989 வன்கொடுமைச் சட்டம் குற்றமாக்கியது. மயானத்துக்கும் அதற்கான பாதைக்கும் நிலம் எடுக்க வகைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1978இல் வந்தது.

மாணவத் தோழர்கள் ஊருக்குப் போகும்போது மயானத்தின் சர்வே எண்ணோடு நிற்காதீர்கள். அதற்குப் போகும் பாதை புலப்படத்தில் வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நடந்து பழகிய பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கி மனுக் கொடுங்கள். சாவு விழுவதற்கு முன்பே அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.